வெள்ள நாளில் ஒரு வாக்கியம்: கண்ணிவலை வானொலியும் தமிழ்ச் செய்தியும்

ஜொகூர் மாநிலம் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரு பெருவெள்ளங்களைக் கண்டது. கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட், குளுவாங் முதலிய மாவட்டங்களில் வீடுகளும் சாலைகளும் நீரில் மூழ்கின. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

அந்நாள்களில் நம் அத்தையார் ஒருவர் குளுவாங்கிற்கு வெளியே, ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருந்தார். மின்சாரம் நின்ற மறுநாள் கைப்பேசியும் வாய் மூடியது. "பள்ளிக்குப் போக வேண்டாம், கோயில் மேட்டுக்குப் போங்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் செய்தி சொல்லி அனுப்பினார். இரவு மழையில், வீட்டுக்கு வீடு வாய்மொழியாகக் கடந்து வந்த அச்செய்தி, அத்தையாரை அடைந்தபோது "பள்ளிக்குப் போக வேண்டும்" என்று மாறியிருந்தது. பிற்பகுதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அவரும் அண்டை வீட்டார் சிலரும் பள்ளியை நோக்கி நடந்து, இடுப்பளவு நீரைக் கண்டு திரும்பினர். உயிருக்குக் கேடு நேரவில்லை. "வேண்டாம்னா சொன்னாங்க? எனக்கு வேணும்னுதானே கேட்டுச்சு" என்று அத்தையார் பல்லாண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தையாரின் காதைக் குறை சொல்வதற்கில்லை. 'வேண்டும்', 'வேண்டாம்' எனும் இரு சொற்களையும் பிரிப்பது ஒரே ஓர் உயிரொலி. மழை இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. பேரிடர்க் காலத்தில் செய்தி எவ்வழி செல்கிறது என்பதை ஆராய்வோர் பலர். அவ்வழியே செல்லும் வாக்கியம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை ஆராய்வோர் சிலரே. இன்று கைப்பேசிக் கோபுரத்தையும் மின்வாரியத்தையும் சாராத சிறு வானொலிக் கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றின் இயல்பை விளக்குவதும், அவற்றின்வழிச் செல்லத்தக்க தமிழ்ச் செய்தியை எவ்வாறு அமைப்பது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கைப்பேசி ஏன் ஊமையாகிறது

கைப்பேசி நேரே மற்றொரு கைப்பேசியோடு பேசுவதில்லை. அடுத்த வீட்டாரை அழைத்தாலும் நம் குரல் முதலிற் கோபுரத்திற்குச் சென்று, அங்கிருந்து கம்பிவழியோ நுண்ணலைவழியோ நிலையத்தை அடைந்து, மீண்டும் கோபுரத்தின் வழியே அவரைச் சேர்கிறது. கோபுரத்திற்கு மின்சாரம் தேவை. மின்சாரம் நின்றால் சேமக்கலம் சில மணி நேரம் தாங்கும். அதன்பின் எண்ணெய் கொண்டு செல்ல வேண்டிய சாலை நீருக்கடியில் இருக்கும். கோபுரம் நின்றாலும், அனைவரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் வழி அடைபடும். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது பெருநகர மக்களே இந்நிலையைக் கண்டனர். 2023 மார்ச்சில் ஜொகூரில் மீண்டும் வெள்ளம் புகுந்து, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். ஆகவே இது ஒருமுறை நிகழ்ந்து ஓய்ந்துபோன செய்தியன்று.

கண்ணிவலை என்பது யாது

மீன்வலையை நோக்குக. அதற்கு நடுவிடம் என ஒன்று இல்லை. ஒரு கண்ணி அறுந்தாலும் பிற கண்ணிகள் வலையைத் தாங்குகின்றன. கண்ணிவலை வானொலி இவ்வமைப்பை உடையது. உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி ஒவ்வொன்றும் ஒரு கணு. ஒவ்வொரு கணுவும் செய்தியை அனுப்பும், பெறும், பிறருடைய செய்தியைக் கேட்டு மேலே கடத்தும். மூன்றாம் செயலே இம்முறையின் உயிர். நம் கருவியின் எட்டுக்குள் இல்லாத ஒருவரை, இடையிலுள்ள மற்றவர் கருவிகள் நமக்காகச் சென்றடைகின்றன.

இத்தகைய கருவிகளிற் பல 'லோரா' எனப்படும் அலைமுறையைக் கையாளுகின்றன. பிரான்சு நாட்டில் உருவாகிய இம்முறையில் அலையின் அதிர்வெண் பறவையின் கீச்சொலி போல ஏறியும் இறங்கியும் செல்லும். அதனால் இரைச்சலுக்குள் மூழ்கிய மெல்லிய அலையையும் மறுகருவி இனங்கண்டு பிரித்தெடுக்கும். மின்சாரச் செலவு மிகக் குறைவு. சிறிய மின்கலமும் கையகலச் சூரியத் தகடும் போதும். இதற்கு ஈடாக நாம் இழப்பது வேகம். குரலும் படமும் இதில் செல்லா. குறுஞ்செய்தி மட்டுமே செல்லும்.

2020 முதல் வளர்ந்துவரும் 'மெஷ்டாஸ்டிக்' எனும் கட்டற்ற மென்பொருள் இக்கருவிகளை வலையாக இணைக்கிறது. கைப்பேசியைப் புளூடூத் வழியே கருவியோடு இணைத்து, வழக்கம்போல் தட்டச்சுச் செய்து அனுப்பலாம். சிம் அட்டையும் வேண்டா, இணையமும் வேண்டா. ஒரு செய்தியைக் கேட்ட கணு அதை ஒருமுறை மட்டுமே திருப்பிச் சொல்லும். அதே செய்தி மறுபடி வந்தால், 'முன்பே கேட்டாயிற்று' என அடையாள எண்ணால் அறிந்து விட்டுவிடும். ஒவ்வொரு செய்தியும் எத்தனை தாவல் தாவலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இயல்பாக அது 3, மிகுதியாக 7. இவ்வரம்பு இல்லாவிடின் ஒரே செய்தி ஓயாது சுற்றி வானலையை அடைத்துவிடும். கணினியியலார் இவ்வாறு பரப்பும் முறைக்கு 'வெள்ளம்' எனும் பொருள்படவே பெயரிட்டுள்ளனர். வெள்ளத்தில் உதவ வந்த முறைக்கு வெள்ளமே பெயராயிற்று.

குளுவாங் நிலமும் நாட்டின் விதியும்

வீடுகள் செறிந்த இடத்தில் ஒரு கருவியின் எட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர். செம்பனைத் தோட்டத்தின் ஈர இலைகள் அலையை உறிஞ்சுவதால் அங்கும் எட்டு குறையும். ஆனால் உயரமான இடத்தில், தடையின்றிப் பார்வை செல்லும் நிலையில் வைத்தால் அதே கருவி பல பத்துக் கிலோமீட்டர் எட்டும். கருவியின் ஆற்றலைவிட ஏரியலின் உயரமே பெரிது என்பது இத்துறையின் முதற்பாடம். குளுவாங் நகரை ஒட்டி ஏறத்தாழ 510 மீட்டர் உயரமுள்ள லம்பாக் மலை நிற்கிறது. உரிய அனுமதியுடன் அதன் உயர்ந்த பகுதியில் ஒரு கணுவும், பள்ளிக் கூரை, கோயில் மண்டபம், தண்ணீர்த் தொட்டி போன்ற உயரங்களில் வேறு சில கணுக்களும் அமைந்தால், மெங்கிபோல் ஆற்றங்கரைக் குடியிருப்புகளும் ரெங்கம், பாலோ பக்கத்துத் தோட்டங்களும் ஒரே வலைக்குள் வரும் வாய்ப்பு உண்டு.

மலேசியாவில் இத்தகைய குறை ஆற்றல் கருவிகளுக்கு 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ், 433 முதல் 435 மெகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகள் உள்ளன. ஐரோப்பாவுக்கெனச் செய்த 868 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கிவந்து இங்கு இயக்கலாகாது. வாங்குமுன் அலைவரிசையைப் பார்த்தலும், இயக்குமுன் நாட்டைத் தெரிவு செய்தலும், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் நடப்பு விதிகளைப் படித்தலும் கடமை. குரல்வழித் தொலைதூரம் பேசும் அமெச்சூர் வானொலிக்குத் தேர்வும் உரிமமும் வேண்டும்.

இக்கருவியால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இது 999 எனும் அவசர எண்ணுக்கு மாற்றன்று. அனுப்பிய செய்தி சேரும் என்னும் உறுதி இல்லை. பலர் வீண்செய்தி அனுப்பினால் வலை திணறும். ஊருக்குள் ஒருவரையொருவர் அறியவும், ஊரின் நிலையை வெளித்தொடர்பு உள்ள ஒருவரிடம் சேர்க்கவும் மட்டுமே இது உதவும்.

நல்லவாடு தரும் பாடம்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது நிகழ்ந்த இரண்டு செய்திகள் நமக்கு வழிகாட்டுகின்றன. முதலாவது அந்தமானில் நிகழ்ந்தது. இந்திய அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் தலைமையிலான குழு வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. தீவின் தொலைபேசித் தொடர்பு அறுந்ததும் அக்குழு தன் கருவிகளைக் கொண்டே பெருநிலத்திற்குச் செய்தி அனுப்பியது. கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் முன்பே அங்கு இருந்தமையால் அது இயன்றது.

இரண்டாவது புதுச்சேரியை அடுத்த நல்லவாடு எனும் மீனவர் ஊரில் நிகழ்ந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதி முதல் புதுச்சேரி ஊர்களில் அறிவு மையங்களை நிறுவிவந்தது. தொலைபேசிக் கம்பி எட்டாத இடங்களில் வானொலிவழியே தகவலைக் கடத்திய அம்மையங்களிற் சில, கடலோர ஊர்களில் அலை உயரத்தை நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தன. பேரலை நாளன்று சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. 3,500க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் உயிர் தப்பினர்.

இங்கு உயிர் காத்தது ஒலிபெருக்கி மட்டுமன்று. அந்த ஒலிபெருக்கி நாள்தோறும் அவர்கள் பேசும் தமிழில் பேசி வந்தது. அதன் குரலை நம்பவும், கேட்டவுடன் எழுந்து நடக்கவும் ஊர் பழகியிருந்தது. பேரிடர் நாளில் முதன்முறையாகப் பெட்டியிலிருந்து எடுக்கப்படும் கருவியும், அன்றுதான் முதன்முறையாகக் கோக்கப்படும் வாக்கியமும் ஒருங்கே தடுமாறும். கருவியைப் பழக்குவோர் உளர். வாக்கியத்தைப் பழக்குவது யார்?

தமிழ் எழுத்தின் எடை

லோரா முறையில் ஒரு பொட்டலத்தின் அளவு அதிகப்படி 255 பைட்டு. முகவரி முதலியன போகச் செய்திக்கு எஞ்சுவது ஏறத்தாழ 200 பைட்டு. உரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். ஒருங்குறியின் வழக்கமான குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டு வேண்டும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். 'வெள்ளம்' என்பது நமக்கு நான்கு எழுத்து. கருவிக்கோ வ, ஒற்றைக்கொம்பு, ள, புள்ளி, ள, ம, புள்ளி என ஏழு குறி, ஆக 21 பைட்டு. மலாய்ச் சொல் 'பஞ்சிர்' உரோமன் எழுத்தில் 6 பைட்டில் அடங்கிவிடும். கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இதே நிலைதான். உரோமன் எழுத்தில் 160 குறி கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 குறியே கொள்ளும்.

எனவே ஒரு பொட்டலத்தில் அடங்குவது சொல்லிடைவெளி உட்பட ஏறத்தாழ 40 தமிழ் எழுத்து. இது போதுமா? போதும். ஆனால் நாம் அறிவிப்பு எழுதப் பழகிய நடை இதற்கு உதவாது. பின்வரும் வாக்கியத்தைக் காண்க:

'மாவட்ட மக்கள் அனைவரும் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'

இதன் எடை 280 பைட்டு. ஒரு பொட்டலத்தில் அடங்காது. இறுதி வினை மட்டுமே 81 பைட்டை விழுங்குகிறது. அவ்வளவு செலவழித்தும் எவ்விடம் செல்வது என்பதை வாக்கியம் சொல்லவில்லை. இனி இதைக் காண்க:

'வெள்ளம். பள்ளி மண்டபத்துக்கு வாருங்கள். பாலம் வழியே வரவேண்டாம்.'

இதன் எடை 171 பைட்டு. நேர்ந்தது என்ன, செல்லுமிடம் எது, தவிர்க்கும் வழி எது என மூன்றும் இதில் உள்ளன.

எடையைக் குறைக்க உரோமன் எழுத்தில் தமிழ் எழுதலாமே என இளையோர் வினவுவர். அவ்வாறு எழுதினால் வெள்ளமும் வெல்லமும் ஒன்றாகும். பள்ளியும் பல்லியும் ஒன்றாகும். பாலம், பலம், பழம் மூன்றும் மயங்கும். நட்புரையாடலில் சூழல் பொருளைக் காட்டிவிடும். நள்ளிரவில் நீர் ஏறும்போது, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர் கையில் அச்செய்தி சேர்ந்தால், சூழலை ஊகிக்க அவருக்கு நேரமுமில்லை, ஒளியுமில்லை.

செய்தி எழுதும் நெறி

முதலாவது, சுருக்கும்போது எதை விடலாம், எதை விடலாகாது என அறிதல் வேண்டும். வேண்டுகோட் சொற்களையும் செயப்பாட்டு வினையையும் அடைமொழிகளையும் விடலாம். வேற்றுமை உருபை விடலாகாது. 'பள்ளி வெள்ளம் 30 பேர்' என்று ஒரு செய்தி வந்தால், பள்ளியில் 30 பேர் சிக்கினரா, வெள்ளத்திலிருந்து 30 பேர் பள்ளிக்கு வந்தனரா என்பது தெரியாது. முன்னதற்குப் படகு அனுப்ப வேண்டும். பின்னதற்குச் சோறு அனுப்ப வேண்டும். 'பள்ளியில்', 'பள்ளிக்கு', 'பள்ளியிலிருந்து' என்னும் மூன்றிலும் உயிர் காக்கும் பகுதி உருபே. வகுப்பறையில் வேற்றுமையை அட்டவணையாக ஒப்பிக்கும் மாணவர்க்கு, அதன் பயனைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டாவது, எண்ணை இலக்கத்தால் எழுதுக. 'ஆறு அடி ஏறியது' எனின், நீர் ஆறடி ஏறியதா, ஆறு ஓரடி ஏறியதா? 'நீர் 6 அடி' என்றால் ஐயமில்லை.

மூன்றாவது, இடத்தின் பெயரை மக்கள் வழங்குமாறே எழுதுக. 'தற்காலிக நிவாரண மையம்' என்னும் தொடர் நாளிதழுக்குப் பொருந்தும். லயத்தில் வாழும் பாட்டிக்கு அது எந்தக் கட்டடம் எனத் தெரியாது. அவர் அதைப் 'பள்ளிக்கூடம்' என்றோ 'கோயில் மண்டபம்' என்றோ அறிவார். ஊரில் இரண்டு கோயில்கள் இருப்பின், எந்தக் கோயில் என்பதையும் முன்னரே முடிவு செய்து கொள்க.

நான்காவது, நேரத்தைச் சேர்த்து எழுதுக. கண்ணிவலையில் செய்தி தாமதமாகவும் சேரலாம். 'பாலம் திறந்துள்ளது' என்னும் செய்தி இரண்டு மணி நேரங் கழித்துக் கிடைத்தால் அது பொய்யாகியிருக்கும்.

ஒற்று மிகுதலைப் பற்றி ஆசிரியர்கள் கேட்கலாம். ஓர் ஒற்று 6 பைட்டு. பொருள் மாறாத இடத்தில் அது விடுபட்டால் அன்றைக்கு மதிப்பெண் குறைப்பார் இல்லை. ஆயினும் வீண்சொல் ஒன்றை நீக்கினாலே பத்து ஒற்றுக்கு இடம் கிடைக்கும் என்பதால், இலக்கணத்தைக் கைவிட வேண்டிய தேவை எழுவதில்லை.

குரலால் சொல்லும்போது

எழுத்தாக வந்த செய்தியை இறுதியில் யாரேனும் உரக்கப் படித்துச் சொல்லவே வேண்டும். கைவானொலியில் பேசுவோர்க்கும் இதுவே நிலை. தமிழில் ஏவலும் மறுப்பும் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். குரல் தேய்வதும் இறுதியில்தான். ஆகவே மறுப்பை ஓர் உயிரொலியின்மேல் தொங்கவிடுதல் கூடாது. 'கடக்க வேண்டாம்' என்பதை எழுத்தில் எழுதலாம். குரலில் 'கடக்காதீர்கள்' என்க. அதன் உடன்பாட்டு வடிவம் 'கடந்து செல்லுங்கள்' எனின் இரண்டும் மயங்க வழியில்லை. 'இருநூறு', 'அறுநூறு' போன்ற எண்ணுப்பெயர்களை இலக்கம் இலக்கமாக, 'இரண்டு, சுழி, சுழி' எனச் சொல்லுதல் நன்று. கேட்டவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் கேட்டுச் 'சரி' என்ற பின்னரே செய்தி முடிந்ததாகக் கொள்க. நம் அத்தையார் வரை வந்த செய்தி எங்கோ ஓரிடத்தில் இவ்வாறு திருப்பிச் சொல்லப்பட்டிருப்பின் அன்றே திருந்தியிருக்கும்.

பள்ளியில் தொடங்குவோம்

ஆண்டிறுதி மழைக்கு முன்னர், தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். கருவி இல்லாமலும் இப்பயிற்சி நடைபெறும். நீண்ட அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, 40 எழுத்துக்குள் சுருக்கச் சொல்க. எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது, எத்தனை பேர், என்ன தேவை என்னும் ஐந்து வினாவுக்கும் அதில் விடை உண்டா எனப் பிற மாணவர் சோதிக்கட்டும். பின்னர் அவ்வாக்கியத்தை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, இரைச்சலுக்கிடையே, காதோடு காதாகக் கடத்துக. எந்தச் சொல் வழியில் உருமாறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அச்சொல்லை மாற்றி மறுபடி கடத்துக. இரண்டு மூன்று முறை செய்தால் மாறாத வாக்கியம் ஒன்று கிடைக்கும்.

அவ்வாறு கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை எழுதி, மாணவர் தம் வீட்டு முதியோரிடம் படித்துக்காட்டி, அவர்களுக்குப் புரிகிறதா எனக் கேட்டு வரட்டும். புரியாத சொல்லை முதியோரே திருத்தித் தருவர். அந்தத் திருத்தமே இப்பயிற்சியின் முதன்மையான பகுதி. திருந்திய பட்டியலை வீட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைக்கலாம். கருவி வாங்கும் வசதி அடுத்த ஆண்டு வாய்க்கலாம், அதற்கும் பின்னர் வாய்க்கலாம். வாக்கியங்களை இவ்வாண்டே ஆயத்தம் செய்துவிடலாம்.